தாராபுரத்தில் மீட்ட பதினேழு லிட்டர்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தாராபுரம் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, அறுபது லிட்டர் பழுப்புத் தண்ணீரைக் காய்ச்சி வாங்கி வர. இதே வேலையாக உங்களில் யாராவது போவீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள், போவீர்கள்.

பீளமேட்டில் எனக்கு ஒரு சின்ன ஆய்வுக்கூடம் இருக்கிறது. பழைய பனியன் துணியை அயனித் திரவத்தில் கரைத்து மறுபடி நூலாக இழுக்கிறோம். பேரைக் கேட்டு மிரள வேண்டாம், அதுவும் ஒருவகை உப்புதான். கல்லாக இல்லாமல் எண்ணெய் மாதிரி ஓடும், அவ்வளவுதான். நூலைத் தண்ணீரில் அலசும்போது திரவமும் தண்ணீரில் கலந்துவிடும். கொட்டாங்குச்சிக் கரியில் வடிகட்டி, தண்ணீரை மட்டும் ஆவியாக்கினால் திரவம் அடியில் நிற்கும். மறுபடி துணியைக் கரைக்கலாம்.

"ஒரே திரவம் மூன்றாம் தடவையும் வேலை செய்யும்" என்று திருப்பூர் மில்காரர் ஒருவரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை அவர் நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை, தண்ணீரை ஆவியாக்க உதவும் எங்கள் வெற்றிட பம்பு படுத்துவிட்டது. புதுத் திரவத்தை ஊற்றிக் காட்டினால் அது பித்தலாட்டம். அதனால்தான் தாராபுரம்.

காலை 6.15க்கு மூன்று கேன்களோடு ரஹீம் பாயின் வாடகைக் காரில் கிளம்பினோம். பாய் கோட்டைமேட்டுக்காரர், என் மூட்டை முடிச்செல்லாம் அவர் டிக்கியில்தான் போகும். பல்லடத்தில் இட்லி, காபி, இருவருக்கும் 130 ரூபாய். அதன்பிறகு காற்றாலைகளும் தென்னந்தோப்புகளும் நல்ல சாலையும்தான். 8.45க்கு மீட்டர் 76 கிலோமீட்டர் காட்டியபோது பழனிசாமி அண்ணனின் ஷெட் வந்தது.

அண்ணன் இருபது வருஷம் சாயப்பட்டறைக் கழிவுநீர் நிலையத்தில் ஆவியாக்கும் கலன் ஓட்டியவர். இப்போது சொந்தமாகச் சின்னக் கலன் ஒன்று வைத்திருக்கிறார். எண்பது டிகிரியைத் தாண்டக் கூடாது, வெற்றிடம் குறையக் கூடாது என்று பத்துத் தடவை சொன்னேன். மனுஷன் மீட்டர் முள்ளை அசையவிடவில்லை. பன்னிரண்டரைக்கு, "ஏனுங்க அம்மணி, ஊட்டுல சோறாக்கி வெச்சிருக்குது. சாப்புட்டுப்போட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் சம்சாரம் வைத்த அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் மிதந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

1.20க்குத் திரும்பினால், அண்ணன் எவர்சில்வர் போசி நிறையத் தண்ணீரை நீட்டுகிறார்.

"பாருங்கம்மணி, பளிங்காட்டம் வந்திருக்குது. ரெண்டு கேனு நெறைய புடிச்சாச்சுங்க."

போசியை வாங்காமல் கலனைப் பார்த்தேன். "அடியில நின்னது எங்கேங்கண்ணா?"

"அந்தக் கசடுங்களா? அதெதுக்குங்க உங்களுக்கு?"

அட கடவுளே! சாயப்பட்டறையில் தண்ணீர்தான் பொக்கிஷம், அடியில் நிற்பது தொல்லை. இருபது வருஷப் பழக்கத்தில் அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். டிகிரி முதல் வெற்றிடம் வரை சொன்ன நான், எது எனக்கு வேண்டும் என்பதை மட்டும் சொல்லவே இல்லை.

"கொட்டீட்டீங்களாண்ணா?"

"கொட்டறதுங்களா!" அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒருத்தரு கழிவ இன்னொருத்தரு மண்ணுல கொட்டலாமுங்களா? அவங்கவங்க கசடு அவங்கவங்களுக்குத்தானுங்க. மூடி இறுக்கி உங்க வண்டியிலயே ஏத்திப்போட்டனுங்க."

ஆனால் வாசலில் வண்டி இல்லை. பாய் ஜும்மா தொழுகைக்கு ஊருக்குள் போயிருந்தார், போன் அணைந்திருந்தது. வழியில் யாராவது அவரிடம், இந்த அழுக்கை எதுக்குங்க சுமக்கறீங்க, ஓரமா ஊத்துங்க என்று சொல்லியிருந்தால்? ஐம்பது நிமிஷம் வாசலிலேயே நின்றேன். 2.10க்கு வண்டி வந்தது. டிக்கியைத் திறந்தால் கேன் ஸ்டெப்னியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருக்கிறது.

"ஆடிக்கிட்டே இருந்துச்சும்மா, அதான் கட்டிட்டேன்" என்றார் பாய். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பதினேழு லிட்டர், சொட்டுக் குறையவில்லை.

போகிறவர்களுக்கு: கார் வாடகை 2,800, கலனுக்கு 1,500. வெள்ளிக்கிழமையைத் தவிர்த்தால் நல்லது. பிடித்த தண்ணீரை விட்டுவிட்டு வராதீர்கள், அடுத்த அலசலுக்கு ஆகும். எது வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

திங்கட்கிழமை மில்காரர் கண்ணெதிரே துணி கரைந்தது. நூலை இழுத்துப் பார்த்துவிட்டு, "நெசமாலுமே பழசுதானுங்களா?" என்றார். கேனைத் திருப்பிக் காட்டினேன். அதில் அண்ணன் பெயிண்டால் எழுதியிருந்தார்: 'அம்மணி கசடு'. அடுத்த தடவையும் திரவம் அதே கேனில்தான் போகப்போகிறது. அந்த எழுத்தை நான் அழிப்பதாக இல்லை.