பாலத்தில் நான் தோற்ற சண்டை

இருபது வருடமாக நானும் என் கூட்டாளியும் ஜங்ஷனில் மேட்னி பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கு நடந்தே திரும்புவோம். ஆற்றுப் பாலத்தில் படத்தைப் பற்றிச் சண்டை போடுவோம். அதுவரை எந்த விமர்சனத்தையும் தொடக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம்.

அந்தப் படத்தின் முடிவில், காணாமல் போன கணவன் வந்து கதவைத் தட்டுகிறான். மனைவி திறக்காமல் சோற்றுக்கு உலை வைக்கிறாள். தியேட்டரே குழம்பியது.

"அவ மன்னிச்சிட்டா. அதான் உலை வைக்கா," என்றேன்.

"ஏலே, அவன் செத்துப் பல வருசம் ஆச்சு. தட்டுதது அவ மனசு," என்றான். கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை, தெருநாய் குரைக்கவில்லை என்று அடுக்கினான். தோற்றேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆபீசில் ஒரு வாரம் அவன் கட்சிக்காக வாதாடினேன்.

பிறகு சக ஊழியர் ஒருவர் செல்போனில் ஒரு வீடியோ விமர்சனத்தைக் காட்டினார். தாழ்ப்பாள், தெருநாய், அதே வரிசை. நாங்கள் படம் பார்த்ததற்கு முந்தின நாள் போட்டது.

அவனிடம் கேட்டேன். "புரியாம உம் முன்னால முழிச்சிட்டு நிக்கச் சொல்லுதியா?" என்று சிரித்தான்.

விமர்சகர்மேல் எனக்குக் கோபமில்லை, நன்றாகவே பேசியிருந்தார். அந்த மனைவி மன்னித்துவிட்டாள் என்றுதான் இப்போதும் சொல்வேன். என்னால்தான் முடியவில்லை.