மொட்டைக்கு டிக்கெட் கிடையாதாம்!

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை, என் செல்போன் என் முகத்தைப் பார்த்து "இது நீங்கள் இல்லை" என்று சொல்லிவிட்டது.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சொன்னது கிரெடிட் கார்டு ஆப். அதற்குள்ளே இருந்தது நான் இரண்டு வருஷமாகச் சேர்த்த ரிவார்டு பாயிண்ட். சனிக்கிழமையோடு அதில் பாதி காலாவதி. எப்படி இருக்கும் எனக்கு?

பாயிண்ட், மைல் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எங்கள் ஊர் பிளஸ் டூவான இன்டர் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டடித்த எனக்கே புரிந்த விஷயம்தான்.

திருப்பதிக்குப் பக்கத்தில் புத்தூரில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை எனக்கு. கார்டு வந்த நாளில் இருந்து, சொந்தத்தில் யார் எதை வாங்கினாலும் கடையில் முதல் ஆளாக நான்தான் நிற்பேன். மாமா வீட்டுக்கு ஃப்ரிட்ஜா? என் கார்டு. சித்தப்பா கிணற்றுக்கு மோட்டாரா? என் கார்டு. ரொக்கத்தை என் கையில் கொடுத்துவிடுவார்கள், நான் அன்றைக்கே கார்டுக்குக் கட்டிவிடுவேன். பொருள் அவர்களுக்கு... பாயிண்ட் எனக்கு!

"நான் மோட்டார் வாங்கறேன், இவன் இன்னாத்துக்குப் பல்லைக் காட்டிகினு நிக்கறான்?" என்று சித்தப்பா கடைக்காரரிடமே கேட்டார்.

பாயிண்ட் சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. செலவு பண்ணுவதில்தான் இருக்கிறது சூட்சுமம். ஆப்பைத் திறந்தால் ஹாட்பாக்ஸ், டின்னர் செட், டிராலி பேக் என்று கடை விரித்திருப்பார்கள். ஏமாந்துவிடாதீர்கள். அதே பாயிண்ட்டை விமானக் கம்பெனிக்கு மாற்றினால் அது மைலாகும், டிக்கெட்டே எடுக்கலாம். ஆனால் ஹாட்பாக்ஸ் முதல் பக்கத்தில் இருக்கும். விமானம் மட்டும் நாலு பக்கம் தாண்டி ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். ஏன் என்று நினைக்கிறீர்கள்? நமக்கெல்லாம் சோறு சூடாக இருந்தால் போதும் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்!

எனக்கு ஹாட்பாக்ஸ் வேண்டாம். ரேணிகுண்டாவில் இருந்து ஹைதராபாத்துக்கு இரண்டு டிக்கெட் வேண்டும். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு.

ஹைதராபாத்தில்தான் அக்கா இருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பெண் குழந்தை. அடுத்த புதன்கிழமை பேர் வைக்கிறார்கள். அம்மாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி நாலு மாசம்தான் ஆகிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தாங்குவாள். அதற்கு மேல் வாய் சிரிக்கும், கண்ணில் தண்ணீர் நிற்கும். ராத்திரி பூரா ரயிலில் குலுங்கிப் போவது நடக்காத காரியம். காசு கொடுத்து விமான டிக்கெட் எடுக்கலாமே என்பீர்கள். கடைசி நேர விலையைப் பார்த்தேன்... அந்த விலைக்கு எங்கள் ஊரில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம்.

ஆக, பாயிண்ட்தான் எல்லாம். சரி, அதை முன்னாலேயே மாற்றித் தொலைத்திருக்கலாம் இல்லையா? அங்கேதான் அம்மா குறுக்கே வந்தாள்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்தால் மொட்டை போடுவதாக அம்மா ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இல்லை — எனக்கு! வேண்டுதல் அவளுடையது, தலை என்னுடையது. நம்ம ஊர்ப் பக்கம் இதற்கெல்லாம் தலைக்குச் சொந்தக்காரனை யாரும் கேட்பதில்லை.

"உன் வேண்டுதலுக்கு என் முடியாம்மா?"

"என் முடி நரைச்சிப் போச்சுடா. சாமிக்கு நல்லதா குடுக்க வேணா?"

"டிக்கெட் எடுத்துட்டுப் போட்டுக்கறேனே..."

"மொதல்ல சாமி வேலை. அப்பால உன் பாயிண்டு."

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, அம்மாவுக்காகத் திருப்பதியில் இறங்கி ஒரு மணி நேரம் இளைப்பாறிவிட்டு, பஸ்ஸில் திருமலை ஏறினோம். முடி, தாடி, மீசை, எல்லாம் போச்சு. புதன்கிழமை பக்கத்து வீடுகளுக்கு லட்டு கொடுத்தோம். வியாழக்கிழமை தலையில் சந்தனத்தோடு கடைக்குப் போய் ஆப்பைத் திறந்தேன். பாயிண்ட்டை மாற்ற முகத்தைக் காட்டு என்றது. காட்டினேன். கார்டு வாங்கும்போது எடுத்த போட்டோவில் நான் காடு மாதிரி முடியும் தாடியுமாக இருக்கிறேன். இப்போது தேங்காய் மாதிரி இருக்கிறேன். மூன்று தடவை காட்டினேன், மூன்று தடவையும் நான் இல்லையாம். நாளைக் காலை வரைக்கும் லாக்!

கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணினேன். நல்ல தமிழில் ஒரு பெண் பேசினார்.

"சார், பதிவு செய்த போட்டோவில் இருக்கிற தோற்றத்தில் முயற்சி செய்யுங்க சார்."

"அந்தத் தோற்றத்தைத் திருமலையில குடுத்துட்டேன் மேடம். திருப்பித் தரமாட்டாங்க."

"உங்க பொறுமைக்கு நன்றி சார்."

என்னிடம் எங்கே இருந்தது பொறுமை? கடையில் சொல்லிவிட்டு பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போனேன். அங்கேதான் அந்த பேங்க் கிளை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மொட்டை, பின்னால் இரண்டு மொட்டை. ஆபீசர் தலைக்கு மேலே பெருமாள் படம், புதுப் பூமாலையோடு. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஆபீசர் என் ஆதாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "வேண்டுதலா பாபு?"

"ஆமா சார். அக்காவுக்குக் கொழந்தை. என்னைத் தெரியுது இல்ல உங்களுக்கு?"

"நாக்கு தெலுசு பாபு. சிஸ்டம் ஒப்புக்கோது."

அவருக்குத் தெரியுமாம். சிஸ்டம்தான் ஒத்துக்கொள்ளாதாம்.

"சார், திருப்பதியில பேங்க் வெச்சிகினு மொட்டை தெரியாதுன்னா எப்படி சார்? இந்த வரிசையில பாருங்க, முடி இருக்கறவன்தான் சந்தேகக் கேஸ்!"

பின்னால் இருந்த மொட்டைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஹைதராபாத் ஹெட் ஆபீசுக்கு ரிக்வெஸ்ட் போடறேன். பதினைந்து நாள் ஆகும். இல்லன்னா... முடி வளர்ந்ததும் ரா."

முடி வளர்ந்ததும் வரணுமாம்! பாயிண்ட் காலாவதி ஆவதற்குத் தேதி வைக்கத் தெரிகிறது. மணி வைக்கத் தெரிகிறது. முடி எவ்வளவு நாளில் வளரும் என்று மட்டும் தெரியாதா? இந்த ஊருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முடியைக் கொடுக்கத்தான் வருகிறார்கள். மெஷின் செய்தவன் ஒரே ஒரு தடவை இங்கே பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றிருக்கலாம். என் காசை நான் கட்டும்போது என் முகம் வேண்டாம். எனக்குச் சேரவேண்டியதைக் கேட்கும்போது மட்டும் முகம் வேண்டுமா?

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அம்மாவிடம் கத்திக் கத்திச் சொன்னேன். அம்மா மெதுவாக எழுந்து ரயிலுக்குக் கட்டுகிற பையை எடுத்தாள். இடுப்பு பெல்ட்டை அதில் வைத்தாள். வலி மாத்திரையை வைத்தாள்.

"இன்னாம்மா பண்றே?"

"ரயில்ல படுத்துகினே போறேன். பாப்பாவுக்குப் பேர் வைக்கற அன்னைக்கு நான் இல்லன்னா எப்படிடா?"

மேல் படுக்கை கிடைத்தால் ஏறக்கூட முடியாது. அவளுக்கும் தெரியும்.

"நம்ம ஊரு ஆர்கெஸ்ட்ரா பசங்ககிட்ட விக் இருக்கும். வாங்கி வெச்சிகினு காட்டறேன்" என்றேன்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "வேணா. சாமிக்குக் குடுத்த தலை. அதுல யார் முடியையோ வெச்சா வேண்டுதல் இன்னாத்துக்கு ஆவும்? பாப்பா பேர்ல வேண்டிகினதுடா."

மெஷினோடு சண்டை போடலாம். ஏழு வருஷம் காத்திருந்தவளோடு எப்படிச் சண்டை போடுவது?

வெள்ளிக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மா பீரோவைக் குடைகிறாள். ஒரு பழைய மஞ்சள் பையில் இருந்து எதையோ உருவி என் முன்னால் போட்டாள். சவுரி. கன்னங்கரேல் என்று, முழங்கை நீளம்.

"இது யார் முடியும் இல்ல, என்னுது. கல்யாணத்துக்கு முன்னாடி சீவும்போது உதிர்ந்ததைச் சேத்து வெச்சிக் கட்டினது. நீ குடுத்தது உன்னுது. என்னுதை யாரும் கேக்கல. ராத்திரி பூரா யோசிச்சேன், தப்பில்ல. உக்காரு."

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்!

சவுரியை இரண்டாக மடித்து, தலையில் சுற்றி, ஹேர்பின்னுக்குப் பிடி கிடைக்காததால் துணி காயப்போடுகிற கிளிப்பைக் காதுக்குப் பின்னால் போட்டாள். மீசைக்கும் தாடிக்கும் கண்மை. எரிகிற மாதிரி அழுத்தித் தடவினாள்.

முதல் தடவை சவுரி நழுவிக் கண்ணில் விழுந்தது. நான் இல்லை என்றது.

இரண்டாவது தடவை எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் இல்லை என்றது.

"ஆட்டாதடா எருமை! ஒண்ணுதான் பாக்கி கீது" என்று அம்மா பின்னால் நின்று சவுரியைக் கையால் அழுத்திப் பிடித்தாள். இடுப்பு பெல்ட்டை நேற்றே பையில் வைத்துவிட்டாளே, அது இல்லாமலே குனிந்து நின்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றாவது தடவை... பச்சை வட்டம். "வாழ்த்துகள்! உங்கள் அடையாளம் உறுதி செய்யப்பட்டது."

பார்த்தீர்களா அநியாயத்தை? பெற்றவள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிய நிஜத் தலையைக் காட்டினால் நான் திருடன். கண்மை பூசி, துணி கிளிப் மாட்டி, வேறொருத்தி முடியோடு போய் நின்றால் வாழ்த்துகள்! இதற்குப் பேர் பாதுகாப்பாம். கோபத்தோடு கோபமாக இரண்டு டிக்கெட்டையும் எடுத்துவிட்டுத்தான் முகம் கழுவினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரேணிகுண்டா ஏர்போர்ட். வாசலில் செக்யூரிட்டிக்காரர் வடக்கத்திக்காரர். தமிழும் வராது, தெலுங்கும் வராது. என் ஆதாரை வாங்கிப் பார்த்தார். தாடிக்காரன். என்னைப் பார்த்தார். தேங்காய். அவர் கையைக் கூப்பி, "தர்ஷன் அச்சா ஹுவா?" என்று தரிசனம் பற்றி விசாரித்துவிட்டு உள்ளே போகச் சொன்னார். ஒரே ஒரு நொடி. மனுஷனுக்கு அவ்வளவு போதும்.

விமானத்தில் அம்மா ஒரு மணி நேரமும் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். முதுகைப் பற்றிப் பேச்சே இல்லை. இறங்கும்போது மட்டும், "இவ்ளோதானா? இதுக்கா அந்த மெஷின் அவ்ளோ பிகு பண்ணிச்சி?" என்றாள். மறுநாள் பேர் வைக்கும்போது பாப்பா அவள் மடியில்தான் இருந்தது. காதில் மூன்று தடவை பேரைச் சொன்னதும் அவள்தான். அக்கா அழுதாள், அம்மா அழுதாள். எனக்கு ஜலதோஷம்.

அங்கே இருந்தே ஆத்திரத்தில் பேங்க்குக்கு ஒரு மெயில் தட்டினேன். இதுதான் நான் என்று மொட்டைத் தலை போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டு, அந்தப் போட்டோவையே என் முகமாகப் பதிவு செய்துவிட்டார்களாம்.

இப்போது எனக்கு கால் இஞ்ச் முடி வளர்ந்திருக்கிறது... ஆப்பைத் திறக்கவே பயமாக இருக்கிறது!