ஏழாவது கண்ணி

விதி இதுதான். பெரிய மூலக்கூறுகளின் வடிவங்களைச் சேர்த்துவைக்கும் தரவு வங்கியில் ஒருவர் தான் கண்டுபிடித்த வடிவத்தைப் பதிவு செய்துவிட்டு, இப்போதைக்கு வெளியிட வேண்டாம் என்று நிறுத்திவைக்கச் சொல்லலாம். அதிகபட்சம் ஒரு வருடம். அதற்குள் பதிவு செய்தவரே எழுதி வெளியிடச் சொல்ல வேண்டும், அல்லது திரும்பப் பெற வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் பதிவு நீக்கப்படும். பதிவு செய்தவர் இறந்துபோனால் என்ன செய்வது என்பதற்கு, நான் தேடிப் படித்தவரையில், ஒரு வரிகூட இல்லை.

நான் வருவாய்த் துறையில் இருந்தவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். இறந்தவர்களுக்கு அரசாங்கத்தில் எவ்வளவு வேலை பாக்கி இருக்கும் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பெயர் மாற்றம், ஆட்சேபணை இல்லை என்று நான்கு பேரிடம் கையெழுத்து. எங்கள் விதிகளில் செத்தவன் முக்கியமான ஆள்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சர்வீஸில் இருந்தபோது, குடியிருப்பு வீட்டில் ஆவி இருக்கிறது, வேறு வீடு ஒதுக்கித் தர வேண்டும் என்று ஒரு கிராம நிர்வாக அலுவலர் மனு கொடுத்தார். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'ஸ்தல ஆய்வில் ஆவி எதுவும் தென்படவில்லை, மனு நிராகரிக்கலாம்' என்று குறிப்பு எழுதியவன் நான். அதே கையால்தான் இதையும் எழுதுகிறேன். நீங்கள் நம்பாவிட்டால் உங்கள் மேல் தவறில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நிராகரித்திருப்பேன்.

என் மனைவி சுகந்தி, கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியர். காலை ஏழே காலுக்கு இராஜபாளையத்தில் கல்லூரி பஸ் ஏறினால் மாலை ஆறுக்குத் திரும்புவாள். ஒன்பது வருடமாக அவள் ஒரே ஒரு புரதத்தின் பின்னால் அலைந்தாள். செண்பகத்தோப்புப் பக்கம் காட்டில் கிடைக்கிற ஒரு கொடியின் விதையில் இருப்பது. விதை பொறுக்க வனத்துறை அனுமதி வேண்டும், அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தது நான். அவளுடைய அறிவியலில் என் பங்கு அவ்வளவுதான்.

அந்த வேலையை அவள் எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். புரதம் என்பது கண்ணி கண்ணியாகக் கோத்த நீளமான சங்கிலி. அது சுருண்டு மடங்கி எந்த உருவத்தில் இருக்கிறது என்று எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அதைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் ஆயிரக்கணக்கில் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளை மென்பொருள் கணக்கிட்டு, திரையில் நீல நிறத்தில் ஒரு வலை காட்டும். ஆள் போன பிறகு படுக்கையில் கிடக்கிற பள்ளம் மாதிரி. அந்த வலைக்குள் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பொருத்த வேண்டும். மவுஸ் சக்கரத்தைக் கீழே உருட்டினால் வலை பெருகும், மேலே உருட்டினால் குறையும்.

"ரொம்பக் கீழ இறக்கக்கூடாதுங்க" என்பாள். "இறக்க இறக்க நாம என்ன நினைக்கமோ அதெல்லாம் தெரியும். இல்லாததும் தெரியும்."

"அப்ப தெரியுறது நெசமா பொய்யான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"வச்சதை எடுத்துட்டு மறுபடியும் கணக்குப் போடணும். நெசமா இருந்தா, நாம வைக்காமலே வலை அங்க வரும். இன்னொண்ணு, கொஞ்சம் புள்ளிகளை முதல்லயே மென்பொருள் கண்ணுல காட்டாம ஒளிச்சு வச்சிருவோம். நாம வச்ச சங்கிலி அந்தப் புள்ளிகளோடயும் ஒத்துப் போகணும்."

எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் பாதிப் பட்டாக்கள் செல்லாது என்று அன்றைக்குச் சொன்னேன். சிரித்தாள்.

முந்நூறு சொச்சம் கண்ணிகளில் ஏழு மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஓர் இடத்தில் சங்கிலி வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே வலையே இல்லை, வெறும் கறுப்பு. சனி ஞாயிறில் வீட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தால் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். சக்கரத்தை மூன்று தடவை கீழே உருட்டுவாள், நிறுத்துவாள், மனசாட்சி உறுத்தினது போல ஒரு தடவை மேலே. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பேப்பர் படித்துப் பழகியவன் நான்.

போன வருடம் மார்ச்சில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரிப் படுக்கையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஏழு கண்ணி இல்லாமலே பதிவு செய்தாள். ஒரு வருடம் நிறுத்திவைக்கச் சொன்னாள். "வந்து முடிச்சுக்கிடலாம்" என்றாள். பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் பெயர் இந்த உலகத்தில் நிற்பதானால் அந்த ஒரு பதிவில்தான் நிற்க வேண்டும். விதிப்படி அது அடுத்த மார்ச்சில் அழிந்துவிடும். பதிவு செய்தவரின் மின்னஞ்சலிலிருந்து வந்தால்தான் பதில் செல்லும், அந்த மின்னஞ்சலோ பணியில் இல்லாதவர்களுக்குக் கிடையாது என்று கல்லூரியில் நியாயமாகவே மூடிவிட்டார்கள். நான் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இரண்டுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு, எல்லாம் இணைத்து ஆடி மாதம் தரவு வங்கிக்கு எழுதினேன். பதில் இல்லை. இரண்டு நினைவூட்டு எழுதினேன். அவற்றுக்கும் இல்லை. கடல் தாண்டினாலும் அலுவலகம் அலுவலகம்தான்.

சுகந்தியிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ரஹ்மத் நிஷா சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வருவாள். அவள் அத்தாவுக்கு இராஜபாளையம் பஜாரில் ஜவுளிக்கடை. சுகந்தியின் கணினியில்தான் எல்லாக் கோப்புகளும் இருந்தன, அதில் உட்கார்ந்து அவளும் அந்த ஏழு கண்ணியோடு மல்லுக்கட்டினாள்.

"கொஞ்சம் கீழே இறக்கிப் பாரேன் தாயி" என்று ஒருநாள் நானே சொல்லிவிட்டேன்.

"மேடம் இருந்தா கையிலயே ஒரு அடி போட்டிருப்பாவ சார். இல்லாததை இருக்குன்னு நான் எப்படி வைக்க?"

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணிவரை மின்தடை, பேப்பரில் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. கணினிக்கு வைத்திருந்த யுபிஎஸ் பேட்டரி செத்து, அதைப் பழைய பேட்டரிக்காரரிடம் போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. தெருவில் ஒரு மோட்டார் சத்தம் இல்லை, மின்விசிறி இல்லை, அவ்வளவு அமைதி. இரண்டு மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுகந்தியின் அறைக் கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது.

சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது.

பல்லி என்று நினைத்தேன். பிறகு அணில், அதற்குப் பிறகு ஜன்னல் கொக்கி. ஒவ்வொன்றாக எடுத்து, பரிசீலித்து, நிராகரித்தேன். மூன்று தடவை கீழே, நிறுத்தம், ஒரு தடவை மேலே. இப்படி நடுப்பகலில், வேர்வை வழிய, கையில் சோறு காய, நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போகவில்லை. மின்சாரம் இல்லை, ஆகவே கணினி ஓடாது, ஆகவே சத்தம் வராது, ஆகவே போய்ப் பார்க்க அவசியமில்லை என்று எனக்கு நானே குறிப்பு எழுதிக்கொண்டேன். உண்மை அது இல்லை. பயந்தேன். முப்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்குப் பயந்தேன்.

முக்கால் மணி நேரம் இருக்கும். பொறுக்க முடியாமல் கடைசியில் சத்தமாகக் கேட்டேன்.

"யாரது?"

சக்கரம் நின்றுவிட்டது.

செத்த நேரம் கழித்துப் போய்க் கதவைத் தள்ளினேன். யாரும் இல்லை. திரை கறுப்பாக இருந்தது. கணினிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. நாற்காலி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், காலையில் எப்படி இருந்தது என்று பார்த்து வைத்தவன் இல்லை, அதனால் சாட்சி சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை நிஷா வந்து கணினியைத் திறந்தாள். அந்த மென்பொருளில் ஒரு பழக்கம், சங்கிலியில் கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நகலைத் தேதி, நேரத்தோடு தானே சேமித்துக்கொள்ளும். பிறகு கூப்பிட்டாள்.

"சார், செவ்வாக்கிழமை நீங்க இதுல ஏதாச்சும் தொட்டீகளா?"

"எனக்கு அதை அணைக்க மட்டும்தான் தெரியும் தாயி."

"விளையாடாதீங்க சார். மத்தியானம் ரெண்டு மணியில இருந்து நகல் இருக்கு. கடைசி நகல் ரெண்டு நாப்பத்தேழு."

"அன்னைக்கு கரண்டே கிடையாதே."

"அதான் கேக்கேன்."

கறுப்பாக இருந்த இடத்தில் ஆறு கண்ணிகள் பொருத்தியிருந்தன.

நிஷா அழவில்லை, ஓதவில்லை. சுகந்தி தயாரித்த பிள்ளை அது. அந்த ஆறையும் அழித்தாள். மறுபடியும் கணக்கிட விட்டாள். போன வாரம்வரை ஒன்றுமே இல்லாத இடத்தில், கண்ணிகளை வைக்காமலே, நீல வலை மெல்லிசாக வந்தது. அவள் சக்கரத்தைத் தொடவே இல்லை. பிறகு ஆறையும் திரும்ப வைத்து, ஒளித்து வைத்த புள்ளிகளோடு ஒத்துப் பார்த்தாள்.

"பொருந்துது சார்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

நான் என் பங்குக்கு விசாரணை நடத்தினேன், வேறு என்ன தெரியும் எனக்கு. மின்வாரியத்தில் தெரிந்தவரிடம் கேட்டேன், நடுவில் ஒரு நிமிடம்கூட சப்ளை விடவில்லை. கணினியின் கடிகாரம் சரியாக இருந்தது. வெளியிலிருந்து யாரும் நுழைந்திருக்க முடியாது, இணையப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். வீட்டுச் சாவி என்னிடம். நிஷா அன்று கல்லூரியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள், நாற்பது பேர் சாட்சி. கோப்பை மூட முடியவில்லை. என் வாழ்க்கையில் மூட முடியாத கோப்பு இது ஒன்றுதான்.

"எல்லாம் சரி. ஏழாவது ஏன் இல்ல?" என்று நிஷாவைக் கேட்டேன்.

"அதுக்கு இடம் குறிச்சிருக்கு சார். கண்ணியை வைக்கல. வைக்கப் போற நேரத்துல யாரோ கூப்பிட்டு எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு."

நான் 'யாரது' என்று கேட்டதை இன்றுவரை அவளுக்குச் சொல்லவில்லை. 'சுகந்தி' என்று கூப்பிட்டிருக்கலாம். 'முடிச்சிட்டு வா, சோறு இருக்கு' என்று எத்தனை சாயங்காலம் சொல்லியிருக்கிறேன், அதையே சொல்லியிருக்கலாம். வழிதெரியாமல் வாசலுக்கு வந்த மனுதாரரைக் கேட்பது மாதிரிக் கேட்டேன்.

நிஷா அந்த ஏழாவதுக்காக டிசம்பர் முழுக்கப் பார்த்தாள். அந்த இடத்தில் வலை வரவில்லை. நான் இப்போதெல்லாம் மின்தடை என்று பேப்பரில் வந்தால் வெளியே எங்கும் போவதில்லை. அறைக் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். என்ன சொல்ல வேண்டும் என்று தயாராக இருக்கிறேன். சத்தம் வருவதில்லை.

ஆறு கண்ணிகள் சேர்த்த புதிய கோப்பை, என் மூன்றாவது நினைவூட்டுக் கடிதத்தோடு நிஷா அனுப்பி வைத்தாள். சங்கிலியைப் பொருத்தியவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். சுகந்தியின் பெயரை எழுதினாள்.

சான்றுகள் ஏற்கப்பட்டன, முதல் ஆசிரியராக அவள் பெயரோடு பதிவு வெளியிடப்படுகிறது, சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் 'காணப்படவில்லை' என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது, ஒப்புதல்தானே என்று கேட்டு தரவு வங்கியிலிருந்து பதில் வந்தது, வருடம் முடிய ஐந்து வாரம் இருக்கும்போது, பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை.