நிற்கச் சொல்லாமல் எடுத்த படங்கள்

எங்கள் தெருவுக்கு முதன்முதலாக வந்த கேமரா, கரும்பு வெட்டப் போகிற ஒரு பெண்ணின் கைக்கு வந்தது. அந்தப் பெண் என் அம்மா. இதை எழுதும்போதுகூட எனக்கு முதுகு தானாக நிமிர்கிறது.

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போகிற ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. அப்பா வேறொருவரின் டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவார். அம்மா வெட்டு ஆளாகப் போவாள். சொந்த நிலம் கிடையாது. தெருக்கோடியில் கரும்பின் காய்ந்த இலையான சோகை வேய்ந்த ஒரு வீடு, நான், என் தம்பி, இவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

அம்மாவின் தம்பி துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார். முதல் லீவில் வந்தபோது எல்லோருக்கும் சேலை, சென்ட், சோப்பு என்று எடுத்து வைத்தவர், அம்மாவிடம் மட்டும் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொடுத்தார். திறந்தால் கேமரா.

"இன்னாடா இது? இத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றாள் அம்மா.

"போட்டோ புடி. நம்ம அம்மா மூஞ்சி எப்படி இருக்கும்னு சின்னதுல உன்னத்தான கேப்பன். நீ சொல்ல வராம அழுதுருவ. உம் புள்ளைங்களுக்கு அப்படி ஆவக் கூடாதுக்கா."

அவர்கள் இருவரும் சிறுபிள்ளைகளாக இருக்கும்போதே தாயை இழந்தவர்கள். மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். தாயின் படம் ஒன்றுகூட அவர்களிடம் கிடையாது. அம்மா கேமராவை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அதில் தூசியே இல்லை.

முதல் ரோலில் எல்லோரும் ஊரில் வழக்கம்போலத்தான் நின்றோம். முகத்துக்குப் பவுடர், தலைக்கு எண்ணெய், கைகள் தொடையோடு ஒட்டி. கள்ளக்குறிச்சி ஸ்டுடியோவில் கழுவி வாங்கிவந்த படங்களை அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது நம்ம மாதிரியே இல்லயே. ரேஷன் கடையில வரிசைல நிக்கிற மாதிரி இருக்குது."

அதன்பிறகு அவள் யாரையும் நிற்கச் சொல்லவே இல்லை. எப்போது எடுப்பாள் என்று எங்களுக்குத் தெரியாது. பல் விழுந்ததற்காக நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுத படம் உண்டு. தம்பி குளிக்க மாட்டேன் என்று ஈர உடம்போடு தெருவில் ஓட, பின்னால் ஒரு கோழியும் சேர்ந்து ஓடுகிற படம் உண்டு. ஆலை வாசலில் வண்டிகள் வரிசையாகக் காத்துக் கிடந்த ஒரு நாள், கரும்புப் பாரத்தின் மேலேயே அப்பா வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார். அவருக்குச் சோறு கொண்டுபோன அம்மா அதையும் எடுத்துவிட்டாள். படம் வந்ததும் அப்பாவுக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது.

"தூங்குறவனப் போயி படம் புடிச்சிருக்கியே. பாக்குறவன் செத்துட்டான்னு நெனக்க மாட்டான்?"

"செத்தவரு இப்படியா கொறட்ட விடுவாரு?" என்றாள் அம்மா.

"படத்துல கொறட்ட கேக்குதா உனக்கு?"

"எனக்குக் கேக்குது."

ஸ்டுடியோக்காரருக்கும் அம்மாவின் படங்கள் முதலில் பிடிபடவில்லை. பிரிண்டுகளை மேசைமேல் பரப்பிவைத்து, "இன்னாம்மா, ஒருத்தர்கூட கேமராவப் பாக்கலயே, எல்லாம் வேஸ்ட்டா போச்சே" என்றார் வருத்தமாக.

"பாக்காத நேரத்துலதான் எடுத்தன் அண்ணே. எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா போட்டுக் குடுங்க."

ரெண்டு ரெண்டாக. அதில்தான் வீட்டில் அடிக்கடி பேச்சு வரும். ஒரு பிரிண்ட் எங்கள் தகரப் பெட்டிக்கு, இன்னொன்று படத்தில் இருப்பவருக்கு. டீக்கடைக்காரம்மா பாய்லர் புகைக்கு நடுவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற படம் டீக்கடைக்குப் போனது. நைனார்பாளையத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளை நடை பழகிய படம் போனது. "நம்ம வூட்டுக்கு ஒண்ணு இருந்தா பத்தாதா?" என்று அப்பா கேட்பார். "அவங்க மூஞ்சி அவங்களுக்கு வாணாமா?" என்று அம்மா திருப்பிக் கேட்பாள்.

வெட்டுக் காலத்தில் கல்வராயன் மலையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் இறங்கி வருவார்கள். அப்படி வந்த ஒரு பெண் அம்மாவுக்கு ஜோடி ஆனாள். இருவரும் ஒரே வரிசையில் இறங்கினால் பேச்சும் நிற்காது, கத்தியும் நிற்காது. அம்மாவைவிட இளையவள் என்பதால் நாங்கள் அவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டோம். வெட்டு முடிந்து அவள் மலைக்குத் திரும்பிப் போனபிறகு, வருஷத்துக்கு ஒருமுறையாவது எங்களைக் கூட்டிக்கொண்டு அம்மா அவள் ஊருக்குப் போவாள். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே நடக்க வேண்டும்.

முதல் தடவை கேமராவைப் பார்த்ததும் அங்கே பாதிப்பேர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். அடுத்த முறை அம்மா, வெளியே இருந்தவர்களின் படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கடுத்த முறை நாங்கள் போய்ச் சேர்வதற்குள், ஊரே தலைவாரிப் பூ வைத்துக் களத்தில் வரிசையாக நின்றது. அம்மா சிரித்துவிட்டாள்.

"நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் இங்க இல்லன்னு நெனச்சிக்கங்க."

அவர்களும் முகம் கோணாமல் சாமையை அடிக்கப் போனார்கள். அந்தப் படங்களில் காற்றில் பறக்கிற உமிகூடத் தெரியும்.

நான் ஏழாவது படிக்கும்போது ஒரு பங்குனி மாதம், சின்னம்மாவின் மகளுக்குக் காது குத்துவதற்காக அம்மா என் தம்பியைக் கூட்டிக்கொண்டு, கேமராவையும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போயிருந்தாள். எனக்குப் பரீட்சை, அதனால் நானும் அப்பாவும் வீட்டில் இருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். தெருவின் அந்தக் கோடியில் யாரோ வீட்டு அடுப்பிலிருந்து கிளம்பிய பொறி சோகைக் கூரையில் பற்றியது. காற்று எங்கள் பக்கமாக அடித்தது. அப்பா என்னைத் தூக்காத குறையாக இழுத்துவந்து அடிபம்பு அருகில் நிறுத்தினார். "இங்கியே நில்லு" என்று சொல்லிவிட்டு, எரியத் தொடங்கிய வீட்டுக்குள் திரும்ப ஓடினார்.

அவர் வெளியே வர எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நான் கத்திக்கொண்டே இருந்தேன். புருவம் கருகி, இருமிக்கொண்டு, தோளில் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். வந்து உட்கார்ந்து அதைத் திறந்தார். உள்ளே கிழிந்த சேலைகளும் பழைய போர்வையும் இருந்தன. போட்டோ வைத்திருந்த பெட்டி அதே அளவு, அதே நிறம். அதற்குள் கூரை உள்ளே சரிந்துவிட்டது. யாருக்கும் உயிருக்குச் சேதமில்லை. ஆனால் அந்த வரிசையில் ஒரு வீடும் மிஞ்சவில்லை. படங்களும் நெகட்டிவ்களும் போய்விட்டன.

மறுநாள் காலை பஸ்ஸில் அம்மா வந்தாள். வழியிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஓடிவந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். அப்பா அந்தப் பெட்டி அருகிலேயே, எங்களைவிட்டுத் தள்ளி நின்றார்.

"போட்டோ பொட்டிய எடுக்கத்தான் போனன். பொகையில ஒண்ணியும் தெரியல. இத்த தூக்கியாந்துட்டன்."

வீட்டுக்கு ஒரு படம் பத்தாதா என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா அவர். அம்மா அவருடைய கருகின புருவத்தைப் பார்த்தாள்.

"நீங்க வந்துட்டீங்க இல்ல. போதும்" என்றாள்.

பிறகு பம்படிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் அழுதாள். திரும்பிவந்தபோது கையில் கேமரா இருந்தது. கரிந்த கம்புகளுக்கு முன்னால் அப்பா குனிந்து ஒரு குண்டானைக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தார். தம்பி சாம்பலில் காலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவள் எடுத்தாள்.

"இத்தப் போயி யாராவது படம் புடிப்பாங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டாள்.

"இதுவும் நம்ம வூடுதான" என்றாள் அம்மா.

கொஞ்ச நாள் கழித்து, பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நாங்கள் தங்கியிருந்தபோது, டீக்கடைக்காரம்மா வந்தாள். பாய்லர் புகையில் நிற்கிற தன் படத்தை நீட்டினாள். "ஓரத்துல உம் பொண்ணு நிக்கிறா பாரு. உன்கிட்ட ஒண்ணியும் இல்லியே, நீ வச்சிக்க" என்றாள். பார்த்தால், டம்ளரோடு ஓரத்தில் பாதி உடம்பாக நான் நிற்கிறேன். அதுவரை நானே அதைக் கவனித்ததில்லை.

"அது உனக்குக் குடுத்தது. நான் எப்படி வாங்குவன்?" என்று அம்மா மறுத்தாள். ஆனால் படத்தைக் கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த நாள் அதை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். படத்தை வைத்தே இன்னொரு படம் எடுக்க முடியும் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். அப்படியே எடுத்தும் கொடுத்தார். அம்மா டீக்கடைக்காரம்மாவின் படத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

விஷயம் பரவிவிட்டது. அத்தை தன் வீட்டுப் படத்தோடு வந்தாள். திருநாவலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த, அம்மாவோடு முன்பு வெட்டுக்குப் போன ஒருத்தி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறி வந்தாள். ஒரு படத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது, சாமி படங்களோடு வைத்திருந்தார்களாம். ஒன்றில் ஆணி அடித்த ஓட்டை. ஒன்றின் பின்பக்கம் ஒரு குழந்தை பென்சிலால் 'அ' எழுதிப் பழகியிருந்தது. எங்கள் வீட்டில் பெட்டிக்குள் கிடந்த படங்கள் மற்றவர் வீடுகளில் சுவரில் இருந்திருக்கின்றன என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சின்னம்மா மலையிலிருந்து வந்தாள். தேக்கு இலையில் சுற்றி, மஞ்சள் பையில் வைத்து, ஊர்ப் படங்கள் அத்தனையையும் வாங்கிவந்திருந்தாள். அடியில் ஒன்றைத் தனியாக எடுத்தாள். படம் கோணலாக இருந்தது. ஒரு மூலையை விரல் மறைத்திருந்தது. மிச்ச இடத்தில் அம்மா, தலையில் முண்டாசு, கையில் ஒரு துண்டுக் கரும்பு, பல் தெரியச் சிரிக்கிறாள்.

"இது நான் புடிச்சது. அக்கா கெட்டுப்போச்சுன்னு தூக்கிப்போடச் சொல்லிச்சி. எனக்கு மனசு வரல" என்றாள் சின்னம்மா.

அப்பா அதைக் கையில் வாங்கியவர் நெடுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை. அம்மா இருந்த படம் அது ஒன்றுதான். "இத்த பெருசா போடச் சொல்லணும்" என்றார். அம்மா வெட்கப்பட்டு, "வெரலோடயா?" என்றாள். "வெரலோடதான்" என்றார் அப்பா.

பழைய படங்கள் எல்லாமே வந்துவிடவில்லை. நாங்கள் மட்டும் இருந்த படங்கள் போனவை போனவைதான். என் பல் விழுந்த படமும் தம்பியின் கோழியும் இப்போது பேச்சில் மட்டும் உண்டு. மற்றவர்கள் நடுவே நாங்கள் எங்கெல்லாம் நின்றிருந்தோமோ அவை திரும்பி வந்தன. புதிதாகப் போட்ட ஓட்டு வீட்டில் அம்மா ஒரு பிளாஸ்டிக் கவர் ஆல்பத்தில் அவற்றைச் சேர்த்தாள். யார் வீட்டுப் படம், எந்தக் கொல்லையில் எடுத்தது என்று எழுதத் தெரியாவிட்டாலும், எதைக் கேட்டாலும் தயங்காமல் சொல்வாள்.

நான் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கக் கள்ளக்குறிச்சி போன அன்று அம்மாவும் வந்தாள். ஸ்டுடியோ இருக்கிற தெருவில் திரும்பியதும் நான் நின்றுவிட்டேன். அந்தக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் கல்யாண ஜோடிகளும் தொப்பி போட்ட குழந்தைகளும்தான் இருக்கும். அன்று நடுவில் பெரிதாகச் சட்டம் போட்டு ஒரு படம் இருந்தது. வெட்டி முடித்த வயல். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளியில் கை விட்டுச் சாப்பிடுகிறார்கள். கரும்புக் கறை படிந்த விரல்கள். ஒருத்தி ஏதோ சொல்ல, மற்றவர்கள் சாப்பாட்டை மறந்து அவளைப் பார்க்கிறார்கள். போன வெட்டில் அம்மா எடுத்த படம்.

ஸ்டுடியோக்காரர் வெளியே வந்தார். "கேக்காம மாட்டிட்டம்மா. போறவங்க எல்லாம் நின்னு பாக்குறாங்க. யாரு எடுத்ததுன்னு கேக்குறாங்க" என்றார்.

"இன்னான்னு சொன்னீங்க?"

"வெட்டுக்குப் போற ஒரு அம்மான்னு சொன்னன். நம்ப மாட்டன்றாங்க."

அம்மா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கண்ணாடியை நெருங்கிப்போய்ப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட போயி எடுத்திருக்கணும்" என்றாள். "அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவ மூஞ்சி பாதிதான் விழுந்திருக்குது. கேட்டா கோச்சிப்பா."

பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், அந்த ஸ்டுடியோ வாசலில் ஒரு படம் இருக்கிறது, பார்த்தீர்களா, அதை எடுத்தது என் அம்மாதான் என்று சொன்னேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை. சங்கராபுரம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.