நுனி வெட்டாத முடிச்சு

நூலக்கா வீட்டில் குளிரே தெரியாத பொருள்கள்கூட ஸ்வெட்டர் போட்டிருக்கும். குழாய்க்கு ஒன்று, கதவுப் பிடிக்கு ஒன்று, மேசையின் நான்கு முனைக்கும் நான்கு. முதல் தடவை வருகிறவர்கள், வீடு எங்கேயோ விழுந்து அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கிறதோ என்று பார்ப்பார்கள்.

எல்லாம் ஓசி நூல். ஸ்வெட்டர் கம்பெனியில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷம் ஒரே வேலை. தைத்து முடித்த ஸ்வெட்டரில் வாலாட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிகளைக் கத்தரிக்க வேண்டும். கத்தரித்ததைக் குப்பையில் போடச் சொன்னார்கள். அவள் டிபன் டப்பாவில் போட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு சாண் நூலோடு அரைச் சாண் நூலை முடிச்சுப் போட்டு உருண்டை பிடிப்பாள். பால் பாக்கெட்டைக் கழுவி நாடா நாடாவாக வெட்டி அதோடு சேர்த்துப் பின்னினால் கயிறு. கிழிந்த காலுறையின் குதிகால், மேசை முனைக்குத் தொப்பி.

பொழுதுபோக்காகச் செய்த வேலை ஒருநாள் அவசியமாகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். லென்ஸை இடுக்கிக்கொண்டு முப்பது வருஷம் குனிந்தே கிடந்த மனிதருக்கு முதலில் ஒரு கண் போயிற்று, அப்புறம் மற்றதும். அந்த மாதம் டீயில் உப்பைப் போட்டு ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, “இன்னைக்கு டீ கொஞ்சம் வித்தியாசமா இருக்கு” என்றார். மறுவாரம் மூட்டு வலிக் களிம்பில் பல் தேய்த்தார். “இனிமே பல்லு மடக்கி நீட்ட சௌகரியமா இருக்கும்” என்றார். நூலக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்ததும் ஊசியை எடுத்தாள்.

உப்புக்குச் சொரசொரவென்று சணல், சர்க்கரைக்கு மெத்தென்ற கம்பளி. படுக்கையறைக் கதவுக்கு மூன்று முடிச்சு, குளியலறைக்கு இரண்டு, சமையலறைக்கு ஒன்று. படுக்கையறையிலிருந்து சமையலறை வரைக்கும் சுவரோடு இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு. குளியலறைப் படிக்கு ஒரு முழம் முன்னால் அதில் இரண்டு பாட்டில் மூடி. விரலில் மூடி பட்டால் காலைத் தூக்க வேண்டும். அவர் எங்கேயும் ஒரு தடவைகூட இடறவில்லை. சமையலறை நிலைப்படியில் வாரத்துக்கொரு தரம் சுண்டுவிரலை இடித்துக்கொண்டு ‘ஸ்ஸ்’ என்று நின்றது நூலக்காதான்.

“கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டு எங்கதான் பாப்பியோ” என்று கட்டிலிலிருந்தே குரல் வரும்.

அவர் போய்ப் பதின்மூன்று மாதம் ஆயிற்று. அவர் போன பிறகும் கயிறு சும்மா இருக்கவில்லை. ஆள் தொடாத கயிற்றில் தூசி படிய வேண்டும். இதுவோ அழுக்கேறி, பளபளத்து, தினம் ஒரு கை உருவிக்கொண்டு போன மாதிரி இருந்தது. சமையலறைப் பிடிக்கு இரண்டு மாதம் முன்னால்தான் புது நூல் சுற்றினாள். அதுவும் தேய்ந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம் போய்த் திரும்பும்போதெல்லாம் கயிறு லேசாக ஆடிக்கொண்டிருக்கும். “மெதுவா போங்க” என்பாள், பின்னால் பார்க்காமல். பார்த்தால் போய்விடுவாரோ என்று பயம். பார்த்து, அங்கே நின்றால் என்ன செய்வது என்றும் பயம்.

இதற்கு நடுவில் பல்பு விற்கிறவர்களும் அவளை ஏமாற்ற ஆரம்பித்திருந்தார்கள். மூன்று பல்பு மாற்றியும் வெளிச்சம் போதவில்லை. “என்னப்பா, பல்புல தண்ணி கலக்கறியா?” என்று கடைக்காரரைக் கேட்டே விட்டாள்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் மகன் ஒரு சனிக்கிழமை வந்தான்.

“திங்கக்கிழமை பெயிண்டர் வர்றாரும்மா. அதுக்குள்ள இந்தக் கயிறு, கந்தல் எல்லாத்தையும் கழட்டிடணும்.”

“கழட்டினா உங்கப்பா எதைப் பிடிச்சுக்கிட்டு நடப்பாரு?”

மகன் டம்ளரைக் கீழே வைத்தான். “அம்மா. அப்பா இல்லம்மா.”

“இல்லாதவர் தொட்டா நூல் தேயுமாடா?”

“எலியா இருக்கும்.”

“இடுப்பு ஒசரத்துல நடக்கற எலிய நீ எந்த ஊர்ல பாத்த?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். “சரி, எனக்குக் காட்டு. அப்பா வர்றாருன்னு காட்டிட்டா நான் கயித்துல கை வெக்க மாட்டேன். காட்டலைன்னா மொத்தமும் குப்பைக்குப் போகுது.”

கம்பெனியில் குறையுள்ள ஸ்வெட்டருக்கு அடையாளம் போடுகிற நீலச் சாக்பீஸ் ஒன்று அவள் பெட்டியில் கிடந்தது. ஞாயிறு சாயங்காலம் அதை இடித்துப் பொடியாக்கி, பழைய காலுறையில் கட்டி, கயிற்றின் மேலெல்லாம் ஒற்றினாள். கதவுப் பிடிகளிலும் ஒற்றினாள். கையை நன்றாகக் கழுவினாள். தான் மட்டும் தொட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கைதி மாதிரி நடந்து போய்ப் படுத்தாள்.

காலையில் எழுந்து பல் தேய்த்து, பால் காய்ச்சி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஒன்பது மணிக்கு மகனும் பெயிண்டரும் உள்ளே நுழைந்ததும் கயிற்றைக் காட்டினாள்.

“வந்து பாரு. பொடி போன எடத்த எல்லாம் பாரு. கட்டில்லேர்ந்து அடுப்பு வரைக்கும் நடந்திருக்காரு.”

உண்மைதான். கயிறு நெடுகப் பொடி கலைந்திருந்தது. மகன் கயிற்றைப் பார்க்கவில்லை. ஒன்றும் தெரியாத பெயிண்டர்தான் வாயைத் திறந்தார்.

“என்ன நூலக்கா, எனக்கு முன்னாடி நீங்களே ஆரம்பிச்சிட்டீங்களா? கையெல்லாம் நீலமா இருக்கு.”

அவள் கையைத் தூக்கினாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது. உள்ளங்கை நீலம். புடவை இடுப்பில் நீலம். பால் பாத்திரத்தின் பிடியில் நீலம்.

“எத்தனை நாளாம்மா கண்ணு சரியாத் தெரியல?” மகன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“பல்பு சரியில்லடா.”

“காலைல ஒம்பது மணிம்மா. பல்பே எரியல.”

நூலக்கா உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு, “அப்போ அவர் ஒருநாள்கூட வரலையா?” என்றாள்.

பெயிண்டர் வாளியைக் கலக்க ஆரம்பித்தார். வாளியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. கலக்கி முடித்து, “கயித்தக் கழட்டட்டுங்களா?” என்றார்.

“வேணாம்ணே,” என்றான் மகன். “மேலயும் கீழயும் அடிங்க. கயிறு இருக்கட்டும்.” அம்மாவிடம், “நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். நான் எலின்னு சொன்னத மட்டும் அவர்கிட்ட சொல்லிடாத” என்றான். அவன் மூக்கை உறிஞ்சியதற்குச் சாக்பீஸ் பொடிதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

“ரெண்டு பேரும் உக்காருங்க. டீ போடறேன்.”

இத்தனை மாதம் தெரியாமல் பிடித்த கயிற்றை அன்றைக்குத்தான் தெரிந்து பிடித்தாள். கண்ணைக் கெட்டியாக மூடிக்கொண்டாள். அவர் நடந்த மாதிரியே, விரல் கயிற்றின் அடிப்பக்கம் போக, மெல்ல நடந்தாள். இரண்டு மூடி வந்தது. குளியலறை தாண்டியது. சமையலறைக்கு ஒரு முழம் இருக்கும்போது, கயிற்றின் அடியில், சுவர்ப் பக்கமாக, சின்னதாக, சில்லென்று ஏதோ விரலில் தட்டுப்பட்டது. சுற்றிலும் பல். கடிகாரத்துக்குள் இருக்கும் சக்கரம்.

அதைக் கட்டியிருந்த நூலைத் தடவினாள். முடிச்சிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு வால் தொங்கியது. இருபத்திரண்டு வருஷம் நுனி வெட்டியவள் அப்படி ஒரு வாலை விட்டிருக்க மாட்டாள்.

அந்த இடத்தில் அவர் இடறியதே இல்லை. இடித்துக்கொண்டது அவள்தான்.

நூலக்கா காலைத் தூக்கி, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வைத்தாள்.