சுண்ணாம்புக் குழி இறைக்கும் நாள்

படித்தவர்கள் மைக்கில் தொழிலாளர்களைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் நான் கூட்டத்தின் கடைசிக்குப் போய்விடுவேன். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில், தோலில் ஒட்டிய சதையை நான் சுரண்டிக்கொண்டிருந்த காலம் அது. சங்கம் வைத்தது முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் தோல் ஊறிய சுண்ணாம்புக் குழியை இறைக்கும் நாளில்தான் கூடுவோம். அந்த நாற்றத்துக்கு மேனேஜர் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார்.

மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். டீக்கடையில் என்னிடம் கேட்டார், எங்கே கூடுவீர்கள் என்று. நல்ல மனிதராகத் தெரிந்தது. சொன்னேன்.

மறுநாள் மாலை மைதானத்தில் அவருடைய கூட்டம். முன்வரிசையில் எங்கள் மேனேஜர். லண்டனில் தோல் விலை ஏறினால் இங்கே கூலி ஏறாது, சங்கம் இருந்தால்தான் ஏறும் என்றார் பேராசிரியர். சரியான பேச்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"குழி இறைக்கும் நாளின் நாற்றத்தையே காவலாக வைத்துச் சங்கம் நடத்துகிறார்கள் உங்கள் ஊர்த் தொழிலாளர்கள். சதை சுரண்டும் இடக்கைத் தொழிலாளி ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன்."

கைதட்டினார்கள். எங்கள் ஆட்கள் தட்டவில்லை. மடையர்கள், அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்த பக்கம் மேனேஜரும் பார்த்தார். ஷாப்பில் இடக்கைக்காரன் நான் ஒருவன்தான்.

"பேரச் சொல்லலயாம்ல அப்பு! வீட்டு நம்பர் மட்டுந்தான் பாக்கி" என்றான் பக்கத்தில் இருந்தவன். நான் சிரிக்கவில்லை.

அடுத்துக் குழி இறைத்த நாளில் மேனேஜர் நாற்காலியோடு வந்தார். மூக்கில் கைக்குட்டை. கொஞ்ச நேரத்தில் எழுந்து சாக்கடையில் வாந்தி எடுத்தார். யாரோ சிரித்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

"ஏலே, இங்க இடக்கைக்காரன் எவனும் கெடையாது. வெளங்குதா? வலது கைக்கு மாத்திச் சொரண்டு. தோலு கிழிஞ்சா வீட்டுக்குப் போயிரு" என்றார் என்னைப் பார்த்து.

தோலைக் கட்டைமேல் போட்டுச் சுரண்டும் எங்கள் கத்திக்கு இரண்டு பக்கமும் பிடி. ஒரு கை அழுத்தும், மற்றது வழிகாட்டும். எனக்கு அழுத்தத் தெரிந்தது இடக்கைதான். மாற்றிப் பிடித்ததும் கத்தி நழுவியது. முதல் தோல் கிழிந்தது. வீட்டில் உலை வைக்கும் நேரம் என்ற நினைப்பு வந்தது. இரண்டாவதும் கிழிந்தது.

மேனேஜர் மறுபடி சாக்கடைப் பக்கம் ஓடினார். அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டைக்காரன் என் கிழிந்த தோல் ஒன்றை எடுத்துத் தன் குவியலில் சொருகினான். அதற்கடுத்தவன் மற்றதை இழுத்துக்கொண்டான். மேனேஜர் ஓடிய போதெல்லாம் நான் கிழித்த தோல் ஒவ்வொருவர் குவியலுக்காகப் போனது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

சாயந்தரம் குவியல்களைப் புரட்டினார் மேனேஜர்.

"என்னடா, இன்னிக்கு எல்லாவனுக்கும் கை நழுவுதோ?"

"நாத்தங்க சார். கண்ணு எரியுது, கத்தி நிக்க மாட்டேங்குது" என்றான் பக்கத்துக் கட்டைக்காரன்.

மேனேஜர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனார். நாற்காலியை மட்டும் எடுக்கச் சொல்லவில்லை. அது என் கட்டைக்கு எதிரே அங்கேயே கிடந்தது.