மூக்கை மட்டும் எடுத்த லென்ஸ்

சேலத்தில் ஒரு கேமரா கடைக்கு எதிரே, பட்டப்பகலில், நடுத்தெருவில் நான் பதினோரு தடவை ஓடினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. யாரும் துரத்தவில்லை. சித்திக்கு லென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. லென்ஸைச் சோதித்துப் பார்க்க, வேகமாக ஓடக்கூடிய ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் அப்படி இருந்தது நான் ஒருத்திதான்.

சித்தி அம்மாவின் தங்கை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாமா வைத்திருந்த ஸ்டுடியோவில் அவளும் படம் எடுத்தாள். கல்யாணங்களில் மாமா மேடையை எடுப்பார். சித்தி மணப்பெண் அறையில் மருதாணிக் கையையும் பூ வைத்த ஜடையையும் எடுப்பாள். மனசு மட்டும் அதில் இருக்காது. போனில் கபடி ஓடிக்கொண்டிருந்தால் அவள் தட்டில் சோறு காய்ந்துபோகும். ரிஷிவந்தியமோ சின்னசேலமோ, எங்கே போட்டி என்று கேள்விப்பட்டாலும் கேமராவை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவாள். சாயங்காலம் வந்து கம்ப்யூட்டரில் படங்களைப் போட்டுப் பார்ப்பாள். அப்படியே மூடிவிட்டு எழுந்து போவாள். லென்ஸ் சரியில்லை என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். அவளும் மறுத்துப் பேசவில்லை.

கடைசியில் மாமாவே இறங்கிவந்தார்.

"சரி, ஒரு லென்ஸ் வாங்கு. மலையில பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் வருது இல்ல, அதுல உருப்படியா நாலு படம் எடுத்துக் காட்டு. வரலன்னா லென்ஸ வித்துட்டு, ஒழுங்கா கல்யாண ஆல்பம் பாத்துக்கினு இரு. இன்னா?"

"சரிண்ணா," என்றாள் சித்தி.

சேலத்துக்கு மாமாவும் எங்களோடு வந்தார். கடைக்காரர் பழைய லென்ஸ்களில் நல்லதாகப் பார்த்து இரண்டை எடுத்துவைத்தார். ஒன்று குட்டையாக, தடிமனாக, அகன்ற வாயோடு இருந்தது. அந்த வாய் வெளிச்சத்தை அப்படியே விழுங்குமாம். இருட்டுகிற நேரத்தில்கூட ஓடுகிறவனை அசையாமல் பிடித்து நிறுத்திவிடுமாம். இன்னொன்று என் முழங்கை நீளம் இருந்தது. இழுத்தால் இன்னும் நீண்டது. அது தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவரும், ஆனால் வெளிச்சம் நிறையக் கேட்கும்.

"விளையாட்டுக்கு இந்தக் குட்டைதாங்க சிஸ்டர். அது பறவை, மான் எடுக்கிறவங்க வாங்கறது. கனமும் ஜாஸ்தி," என்றார் கடைக்காரர்.

சித்தி என்னைத் தெருவில் இறக்கிவிட்டாள். குட்டை லென்ஸுக்காக ஐந்து தடவை ஓடினேன். ஐந்திலும் முழுசாக, தெளிவாகப் படத்தில் விழுந்தேன். மாமா தலையாட்டினார். பிறகு நீள லென்ஸ். முதல் படத்தில் என் மூக்கு மட்டும் இருந்தது. அடுத்ததில் ஒரு காதும் அரை ரிப்பனும். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். "நான்தான் சொன்னனே," என்று கடைக்காரர் சிரித்தார்.

சித்தி சிரிக்கவில்லை. லென்ஸோடு தெருவில் நடக்க ஆரம்பித்தாள். ஜூஸ் கடையைத் தாண்டினாள், மருந்துக் கடையைத் தாண்டினாள். எங்கே போகிறாளோ என்று கடைக்காரரும் கொஞ்சதூரம் பின்னால் ஓடினார். என் கண்ணுக்குச் சுண்டுவிரல் அளவுக்குத் தெரிகிற தூரம் போனதும் நின்று, கையைத் தூக்கினாள். நான் ஓடினேன். திரும்பத் திரும்ப ஓடச் சொன்னாள். பதினோராவது ஓட்டத்தைக் கொண்டுவந்து காட்டியபோது எனக்கே நம்ப முடியவில்லை. இரண்டு ஜடையும் இரண்டு பக்கமும் பறக்க, பல்லெல்லாம் தெரிய, திரை முழுக்க நான். பின்னால் இருந்த தெரு வெறும் வர்ணமாகக் கரைந்திருந்தது.

"இது போதும்," என்றாள் சித்தி.

"ஏய், நீ மேட்ச்சுக்குப் போறியா, மான் புடிக்கப் போறியா?" என்றார் மாமா.

"இதுதாண்ணா வேணும்."

அந்தப் படத்தில் நான் அவ்வளவு அழகாக விழுந்ததால்தான் சித்தி அந்த லென்ஸை வாங்கினாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டு லென்ஸைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான் என்று மறுநாள் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

போட்டி வெள்ளிமலையில், பனிக்காலத்தில் நடந்தது. லென்ஸைத் துண்டில் சுற்றி என் மடியில் கொடுத்துவிட்டு, வடக்கனந்தல் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஸ்கூட்டரை ஏற்றினாள் சித்தி. மலைக்கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அன்று ஒரே மைதானத்தில் கூடியிருந்தார்கள். சுற்றிலும் சரிவு, நடுவில் கிண்ணம் மாதிரி மைதானம். நாங்கள் போனபோது அந்தக் கிண்ணம் நிறையப் பனி மூடியிருந்தது. சித்தி இரண்டு படம் எடுத்துப் பார்த்தாள். சாம்பல் தூவினதுபோல் புள்ளிப் புள்ளியாக வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெளிச்சம் நிறையக் கேட்கும் என்று கடைக்காரர் சொன்னது இதைத்தான் என்று எனக்கே புரிந்தது.

பத்து மணி வாக்கில் வெயில் வந்தது. முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். டவுனிலிருந்து வந்த நான்கு போட்டோகிராபர்கள் கயிற்றுக்கு உள்ளே நின்றார்கள். சித்தியும் போய் நின்றாள். கழுத்தில் விசிலோடு விளையாட்டு வாத்தியார் வந்தார்.

"இந்தாம்மா, இங்க எல்லாரும் வேல பாத்துக்கினு இருக்காங்க இல்ல? லேடீஸ்லாம் அப்பால பந்தல்ல போய் உக்காருங்க."

"சார், நானும் படம் எடுக்கத்தான் வந்திருக்கேன்."

"தெரியுதும்மா. கொழந்தய வேற இட்டுனு வந்திருக்கீங்க. வெயில்ல நிக்காதீங்க, போங்க."

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். பந்தலில் மோர்கூடக் கொடுத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் பெரியவர்களின் முதுகுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தம்ளர் மோர் குடித்த எனக்கு அவசரமாக வந்துவிட்டது. ஒதுங்க இடம் தேடி, பந்தலுக்குப் பின்னால் இருந்த சரிவில் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு ஏறினாள். எனக்கு வேண்டிய புதர் பாதியிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் சித்தி அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தாள்.

மேலே அகலமான ஒரு பாறை. அதையே களமாக வைத்து ஒரு பெண் சாமை தூற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கீழே மைதானம் மொத்தமும் தெரிந்தது, பிள்ளைகள் எறும்பு எறும்பாக.

"அக்கா, கொஞ்ச நேரம் இங்க நின்னு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள் சித்தி.

"பாறை என்ன என்னுதா? நில்லும்மா," என்றார் அவர். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு மைதானத்தைக் காட்டினார். "எம் பொண்ணும் ஓடுது. நானூறு மீட்டராம். செவப்பு சட்ட."

"கீழ வந்து பாக்கலயா நீங்க?"

"இத யாரு பாத்துக்கறது? காத்து அடிக்கிறப்பவே தூத்தியாவணும். இங்கயிருந்தே தெரியும், செவப்பா ஓடும் இல்ல."

அவ்வளவு தூரத்துக்கு லென்ஸை முழுக்க நீட்டினால் கை நடுங்குவதெல்லாம் படத்தில் தெரிந்தது. சித்தி மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், மண்டியிட்டுப் பார்த்தாள். அந்த அம்மா இதைக் கவனித்துவிட்டு, ஒரு துணிப்பையில் பாதி அளவுக்குச் சாமையை அள்ளிப்போட்டு, வாயைக் கட்டிப் பாறைமேல் வைத்தார். லென்ஸ் அதில் பதிந்து உட்கார்ந்துகொண்டது.

"கொழந்தயப் படுக்க வெச்ச மாதிரி கெடக்குதே!" என்று அவரே சிரித்தார்.

நானூறு மீட்டருக்கு விசில் ஊதும் நேரத்தில் மேகம் ஒன்று வந்து நின்றது. மைதானம் கறுத்தது. "போயிடு, போயிடு, போயிடு," என்று சித்தி முணுமுணுத்தாள். நானும் கையை ஆட்டி மேகத்தை விரட்டினேன். எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள். சிவப்புப் புள்ளி மூன்றாவதாக இருந்தது. கடைசி வளைவிலும் மூன்றாவதுதான். அந்த அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடி இறுகிக்கொண்டே வந்தது. வளைவு முடிகிற இடத்தில் மேகத்தின் நிழல் விலகி, வெயில் ஓட்டக்காரிகளின் பின்னாலேயே ஓடிவந்து அவர்களைப் பிடித்தது. சித்தியின் கேமரா படபடவென்று அடித்துக்கொண்டது. அதன்பிறகு கீழே ஒரே கூச்சல். பந்தலில் இருந்தவர்கள், விருந்தினர்கள், வாத்தியார்கள், எல்லோரும் கோட்டின் மேல் ஏறிவிட்டார்கள். நான்கு போட்டோகிராபர்களும் கூட்டத்துக்குள் காணாமல்போனார்கள். சிவப்புப் புள்ளியும் காணவில்லை.

"சித்தி, யாரு ஜெயிச்சது?"

சித்தி கேமராவின் திரையை அந்த அம்மாவின் பக்கம் திருப்பினாள். அவர் இரண்டு கைகளையும் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வெறுங்கால் இரண்டும் தரையைத் தொடாமல், நெஞ்சில் நாடா வளைந்திருக்க, கண்ணை அகல விரித்துக்கொண்டு ஒரு பெண். அரை அடி பின்னால் மற்ற இரண்டு பேர். கால் கிளப்பிய புழுதி ஒவ்வொரு துகளாக வெயிலில் நின்றது. கூட்டம் இன்னும் வந்து சேராத அந்த ஒரு நொடி.

"இது எம் பொண்ணா?" என்றார். பிறகு பாறையின் விளிம்புக்குப் போய் நின்று, கையை வாயில் குவித்து, மகளின் பெயரைச் சொல்லி ஒரு கூவல் கூவினார். அப்படி ஒரு குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கீழே கூட்டத்திலிருந்து சிவப்புப் புள்ளி பிரிந்து, நின்று, மேலே பார்த்து இரண்டு கையையும் ஆட்டியது. சித்தி அதையும் எடுத்தாள். நான் பாறைமேல் குதித்த குதியில் சாமைப்பையின் வாய் அவிழ்ந்துவிட்டது. யாரும் திட்டவில்லை.

நாங்கள் இறங்கிவந்தபோது கயிற்றுக்குள் நின்ற நான்கு பேரும் தங்கள் கேமராக்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கிலும் முதுகுகள். விளையாட்டு வாத்தியார் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார்.

"அம்மா... மேலயிருந்து நீங்க ஏதாச்சும் எடுத்தீங்களா?"

சித்தி காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். "மேடம், இது எங்களுக்கு வேணுங்க," என்றார். ஒரு காலைப்பொழுதில் சித்தி அம்மாவிலிருந்து மேடம் ஆகியிருந்தாள்.

அந்தப் படம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பேனராக நின்றது. மாவட்டப் போட்டிகளை எடுக்கும் வேலை சித்திக்கு வந்தது. மாமா அதே படத்தைப் பெரிதாகப் போட்டு, ஸ்டுடியோவில் மணமக்கள் படத்தை இறக்கிவிட்டு அங்கே மாட்டினார். "தங்கச்சி எடுத்தது. லென்ஸ் மட்டும் நான் செலக்ட் பண்ணது," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஓடினது நான்!

பல வருஷம் கழித்து, சித்தியின் பழைய ஹார்ட் டிஸ்க்கை வேறு எதற்கோ குடைந்தபோது, அந்த லென்ஸுக்கு முந்தைய படங்கள் கிடைத்தன. ரிஷிவந்தியம் கபடி, சின்னசேலம் கைப்பந்து, இன்னும் எத்தனையோ ஊர். ஒவ்வொன்றிலும் ஆண்களின் தோள்கள், சட்டைக் காலர்கள், பிடரிகள், குறுக்கே நீட்டிய ஒரு கை. அந்த இடுக்கில் எங்கேயோ சிறிதாக ஒரு விளையாட்டு. ஒன்றைக்கூட அவள் அழிக்கவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் தன்னை நிற்கவிட மாட்டார்கள் என்று தெரிந்துதான், சேலத்துத் தெருவில் அவள் அவ்வளவு தூரம் நடந்துபோய் நின்று பார்த்திருக்கிறாள்.

ஆனால் சித்தி எடுக்கப்போன முதல் மாவட்டப் போட்டி அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. முடிவுக்கோட்டுக்கு மிகப் பக்கத்தில், கயிற்றுக்கு உள்ளே, அதே விளையாட்டு வாத்தியார் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "மேடம், உங்களுக்குதாங்க," என்றார். சித்தி அவருக்கு நன்றி சொன்னாள். என்னைத் தூக்கி அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு லென்ஸை எடுத்துக்கொண்டு பார்வையாளர் கேலரியின் உச்சிப் படிக்கு ஏறிப்போனாள். வாத்தியாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கு மோர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். லென்ஸைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததற்காக எனக்குப் போட்ட நாற்காலி அது என்று நினைத்துக்கொண்டு, தரைக்கு எட்டாத காலை ஆட்டிக்கொண்டு, கயிற்றுக்குள் நின்ற அத்தனை ஆண்களையும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தேன்.